வளையம் சொல்லும் செய்தி

வேளாங்கண்ணிக்குத் தெற்கே, வேதாரணியத்தை அடுத்துள்ளது கோடியக்கரை. 1967ஆம் ஆண்டு சரணாலயமாக்கப்பட்ட இவ்விடத்திற்கு மழைக்காலந்தோறும் தொலைநாட்டுப் பறவைகள் வந்து சேர்கின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார், டாக்டர் சாலிம் அலியின் வழிகாட்டலில், இங்கே பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு விடுவித்தனர். வளையத்தில் ஓர் எண்ணும், கண்டவர் கழகத்திற்குத் தெரிவிக்குமாறு ஆங்கிலத்தில் ஒரு வேண்டுகோளும் உண்டு.

அதைக் காணும் மீனவரும் உப்பளத் தொழிலாளரும் பொருளறியாவிடில் வளையம் ஊமையாகிவிடும். எனவே, காட்டுயிர் காக்கும் பணியாளர் பறவைகளை அறிந்தால் மட்டும் போதாது. மக்களோடு பேசவும் அறிதல் வேண்டும். "செய்யாதே" என்பதோடு நில்லாமல், காரணத்தையும் எளிய தமிழில் விளக்க வேண்டும். அதற்குமுன், பறவை எங்கே இரைதேடும், ஆமை எங்கே கரையேறும் என்பதை அன்றாடம் காண்போரிடம் பணிவுடன் கேட்க வேண்டும்.

ஆண்டவர் இயேசுவும் வலையையும் விதையையும் கொண்டே விண்ணரசை விளக்கினார் அன்றோ! திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் திருமடலில், நம் பொது இல்லமாகிய பூமியைக் குறித்து உரையாட அனைவரையும் அழைத்தார்.

நாமும் நம் பங்கைச் செய்வோம். வளையமிட்ட பறவையைக் கண்டால், வளையத்தைக் கழற்றாமல் எண்ணைக் குறித்து வனத்துறையினருக்குத் தெரிவிப்போமாக.