தாராசுரத்தில் குனிந்து எடுக்க வேண்டிய படங்கள்

கும்பகோணத்தை அடுத்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் விமானத்தை மட்டும் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறவர் பாதிக் கோயிலைத் தவறவிடுகிறார். கங்கைகொண்ட சோழபுரத்தின் விமானம் 53 மீட்டர்; இங்கே 24 மீட்டர்தான். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எழுப்பிய இக்கோயிலை, 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இதன் பெருமை நுண்ணிய வேலைப்பாட்டில்தான் இருக்கிறது. காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பம், அடித்தளத்தை ஒட்டிச் சிறு சிறு கட்டங்களில் ஓடும் நாயன்மார் கதைகள், இவையெல்லாம் தூரத்தில் நின்று எடுக்கும் படத்தில் வெறும் கல்லாகவே தெரியும்.

புடைப்புச் சிற்பத்துக்கு உயிர் கொடுப்பது சாய்வெயில். கல்லை உரசிச் செல்லும் வெளிச்சம் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் போடும். படத்தில் ஆழமாகத் தெரிவது அந்த நிழல்தான். எதிரே நின்று அடிக்கும் ஃபிளாஷ் அதை அழித்து உருவத்தைத் தட்டையாக்கிவிடும். கோயில் கிழக்கு நோக்கியது என்பதால் மார்கழியில் தெற்குச் சுவருக்கும், சூரியன் வடக்கே ஒதுங்கும் ஆனியில் வடக்குச் சுவருக்கும் காலையிலும் மாலையிலும் சாய்வெயில் கிடைக்கும். எந்த மாதம் போகிறோம் என்பது கேமராவின் விலையைவிட முக்கியம்.

செல்போனைச் சிற்பத்தின் மேல் ஒட்டினாற்போல் கொண்டுபோனால் ஃபோகஸ் நழுவும், போனின் நிழலும் விழும். சற்றுத் தள்ளி நின்று, டெலி லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். போனைச் சுவருக்கு இணையாகப் பிடித்தால் சிற்பம் முழுவதும் தெளிவாக விழும். பெரிய கேமராவில் அபர்ச்சரை எஃப் 8 அளவுக்குக் குறுக்குவது நல்லது.

நெருக்கப் படம் மட்டுமே இருந்தால், அது எந்தத் தூண், எந்தப் பக்கம் என்று பிறகு எடுத்தவருக்கே தெரியாது. முதலில் தூண் முழுவதும், அடுத்து அந்தக் கட்டம், கடைசியில் உருவம் என்று மூன்று படம் எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இங்கே வியப்பே சிற்பத்தின் சிறுமையில் இருப்பதால், ஒரு படத்திலாவது கல்லைத் தொடாமல் அருகே விரலை நீட்டி அளவு காட்டலாம்.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில் என்பதால் முக்காலி வைக்க அனுமதி வேண்டும். அது இல்லாதவர்கள் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டால் கை நடுக்கம் பெரிதும் குறையும்.