அண்மையிலுள்ள அயலூர்

விடுமுறை நெருங்குங்கால் நம்முள் பொருள்வசதி உடையார் கடல் கடந்து செல்ல விழைகின்றனர். அவ்விழைவு குற்றமன்று, பிறநாட்டார் வாழ்வைக் கண்ணாரக் காண்பதும் கல்வியின் ஒரு கூறேயாம். ஆயின் உள்நாட்டுப் பயணத்தை அன்னார் இழிவாக எண்ணுவது யாதுபற்றியோ அறியோம்.

திருநெல்வேலியினின்று திருச்செந்தூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவில் ஆதிச்சநல்லூர் உளது. பொருநையாற்றின் கரையில், 114 ஏக்கர் பரப்புடைய பரம்பொன்றில், நம் முன்னோர் இறந்தோரைத் தாழியிலிட்டுப் புதைத்தனர். 1876-இல் யாகோர் என்னும் ஜெர்மானியர் அங்கு வந்து அகழ்ந்து, கிடைத்த பொருள்களைப் பெர்லின் நகருக்குக் கொண்டுசென்றார். பின்னர் அலெக்சாந்தர் ரீ என்பார் விரிவாக அகழ்ந்தபொழுது வெண்கலக் கலங்களும், இரும்புக் கருவிகளும், பொன் நெற்றிப்பட்டங்களும் வெளிப்பட்டன. அவற்றுட் பல சென்னை எழும்பூர் அருங்காட்சிசாலையில் உள. கடல் கடந்து ஒருவர் தேடிவந்த இடத்தை, திருச்செந்தூர்ப் பேருந்தில் அமர்ந்து உறங்கியவாறே கடந்துபோவார் நம்மவருட் பலர்.

அயல்நாட்டில் வழிகாட்டி உரைப்பதே நமக்கு முடிந்த உண்மை. ஈண்டோ வயல்வரப்பில் நிற்கும் முதியவரையும் நம் மொழியிலேயே வினவலாம். அவர் கூறும் கதை ஆராய்ச்சி நூலொடு மாறுபடும். அம்மாறுபாடே ஒரு சுவை.

செல்ல விரும்புவோர் எழும்பூரில் அப்பொருள்களை முன்னர்க் கண்டு பின்னர்ப் பரம்பை மிதிப்பாராக. பரம்பில் நிழல் அரிது. மார்கழி, தை நாள்களே ஏற்றவை. தாழிகளை அவை கிடந்த குழியிலேயே கண்ணாடித் தளத்தின் வழியே காணுமாறு 2023-இல் அங்கு ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பெற்றுளது.