மெட்டல் கிட்டாருக்கு வேண்டியது நிசப்தம்

ஹெவி மெட்டல் என்றதும் காதைப் பிளக்கும் சத்தம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதை வாசிக்கிற கிட்டார் கலைஞருக்கோ சத்தம் ஒரு பிரச்சினையே இல்லை. இரண்டு அடிகளுக்கு நடுவே வர வேண்டிய நிசப்தம்தான் அவரைப் பாடாய்ப் படுத்தும். வலக்கையின் ஓரத்தைக் கம்பிகள்மேல் லேசாக அழுத்தி, ஒவ்வொரு அடியையும் பிறந்த கணமே நறுக்கிவிட்டு அடுத்ததற்குத் தாவும் முறையைப் 'பாம் ம்யூட்' என்பார்கள். மெட்டாலிகா, ஸ்லேயர் போன்ற குழுக்களின் வேகமான ரிஃப்கள் இந்த நறுக்கலின் பலத்தில்தான் நிற்கின்றன. இடைவெளியில் ரீங்காரம் புகுந்துவிட்டால் தாளமே மங்கிப்போகும். அதனால்தான், மெட்டல் வாசிக்க ஆக்டிவ் பிக்கப் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 'அவுட்புட் அதிகம்' என்ற காரணம் எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை. ஆக்டிவ் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்க உருப்படியான காரணம் அதன் அமைதி. சத்தத்தைக் கூட்ட ஆம்ப்பில் ஒரு குமிழைத் திருப்பினால் போதும். அமைதியைக் கூட்ட அப்படி ஒரு குமிழ் கிடையாது.

இது புரிய, பிக்கப் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்று சுற்றினால் அதுதான் 'பாசிவ்' எனப்படும் சாதாரண பிக்கப். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைந்து, சுருளில் மெல்லிய மின்னோட்டம் பிறக்கிறது. சுருளுக்குத் தந்தி என்றும் டியூப்லைட் என்றும் வேறுபாடு தெரியாது. அக்கம்பக்கத்து மின்மாற்றி, மின்வயர் ஆகியவற்றின் அலைகளையும் அது சேர்த்தே பிடிக்கும். இதற்காகத்தான் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து ரீங்காரத்தைத் தன்னைத்தானே அழிக்கவைக்கும் 'ஹம்பக்கர்' பிக்கப்பை உருவாக்கி, 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அந்தக் கால இசைக்கு அது தாராளமாகப் போதும். மெட்டல் ஆம்ப்போ கிட்டாரிலிருந்து வரும் எதையும் பன்மடங்கு பெருக்கிவிடுகிறது. ஹம்பக்கர் விட்டுவைத்த சொச்ச இரைச்சலும் கூடவே பெருகுகிறது. எட்டுத் தந்தி கிட்டார்களில் சிக்கல் இன்னும் நுட்பமானது. அவற்றின் அடித்தந்தி ஏறத்தாழ 46 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வடிகட்டி வைத்து ரீங்காரத்தை வெட்டப் போனால் இசையின் அடித்தளத்தையும் சேர்த்தே வெட்ட நேரும்.

சுற்றுகள் கூடக்கூட இன்னொரு விலையும் உண்டு. சுருளின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) உயர்ந்துவிடுவதால், அதிலிருந்து வரும் சிக்னல் கேபிளின் தயவில் வாழ வேண்டியிருக்கிறது. சாதாரண கிட்டார் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் மின்தேக்கம் இருக்கும். கேபிள் நீள நீள, ஒலியின் மேல்முனைக் கூர்மை அதில் கரைந்துபோகும். வீட்டில் மூன்று மீட்டர் கேபிளில் பளிச்சென்று கேட்ட கிட்டார், மேடையில் பத்து மீட்டர் கேபிளில் மந்தமாகக் கேட்பது இதனால்தான்.

ஆக்டிவ் பிக்கப் இந்தக் கணக்கையே மாற்றிப் போடுகிறது. சுருளில் சுற்றுகளைக் குறைத்து, பலவீனமாக வரும் சிக்னலைப் பிக்கப்பின் உள்ளேயே ஒரு சிறிய ப்ரீஆம்ப் கொண்டு அங்கேயே வலுப்படுத்துவதுதான் அதன் உத்தி. அதற்கு 9 வோல்ட் பேட்டரி ஒன்று வேண்டும். 1976இல் ராப் டர்னர் கலிஃபோர்னியாவில் தொடங்கிய இஎம்ஜி நிறுவனம் இந்த வழியில் பெயர் பெற்றது. செராமிக் காந்தம் கொண்ட அதன் 81 மாடல் மெட்டல் உலகின் அடையாளமாகவே ஆகிவிட்டது. மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் பிரிட்ஜ் பக்கம் 81, நெக் பக்கம் 60 என்று பல ஆண்டுகள் வாசித்தார். கிட்டார் கலைஞர் சாக் வைல்ட் 81-85 ஜோடியை விரும்பினார். உள்ளேயே வலுப்பெற்று வெளியேறும் சிக்னலைக் கேபிளின் நீளம் அவ்வளவாகப் பாதிக்காது. பிக்கப் முழுவதும் உள்ளுக்குள் கவசமிடப்பட்டிருப்பதால், தந்திகளை எர்த்தோடு இணைக்கும் வயரும் தேவைப்படுவதில்லை. மைக்கைத் தொட்டால் ஷாக் அடிக்கும் மேடைகளில் இது சின்ன விஷயமில்லை. வாசிப்பவரின் உடல் வழியே மின்சாரம் பாயும் பாதைகளில் ஒன்று அடைபடுகிறது. மோசமான வயரிங்குக்கு அது மாற்று ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரைச்சல்தான் பிரச்சினை என்றால் 'நாய்ஸ் கேட்' பெடல் ஒன்று போதாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கேட் என்பது ஒரு கதவு. வாசிப்பு நின்றதும் சாத்திக்கொள்ளும். தந்தி ஒலிக்கும்போது கதவு திறந்திருப்பதால் இரைச்சலும் கூடவே நுழைந்துவிடும். இரைச்சல் அதிகமானால் கதவை இறுக்கமாக வைக்க வேண்டிவரும். அப்போது நீண்டு ஒலிக்க வேண்டிய சுரத்தின் வால் பாதியில் அறுந்துபோகும். மூலத்திலேயே இரைச்சல் குறைந்தால் கேட்டைத் தளர்வாக வைக்கலாம், சுரமும் தன் ஆயுளை வாழ்ந்து முடிக்கும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துபவர்கள் நிறைய. ஒன்றுக்கு மற்றொன்று போட்டியாகாது.

'ஆக்டிவ் பிக்கப்பில் உயிர் இல்லை, எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கிறது' என்ற குற்றச்சாட்டு கனமானது. அதில் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். விரலின் அழுத்தம் மாறினால் குரலும் மாற வேண்டும் என்று எதிர்பார்க்கும் புளூஸ் வாசிப்புக்கு 81 மாடலைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. ஆனால் வேக ரிஃப்களில் பதினாறு அடிகளும் ஒரே எடையில் விழுவதுதான் அழகு. அங்கே அந்தச் சீர்மை குறையாகாது. ஒலி இறுகிவிடுவதாக உணர்கிறவர்கள் இரண்டு பேட்டரிகளை இணைத்து 18 வோல்ட் கொடுப்பதும் உண்டு. ப்ரீஆம்ப்புக்கு மூச்சுவிட இடம் கிடைத்து, பலமான அடிகள் முட்டித் தட்டாமல் வெளிவரும். 2014இல் வந்த ஃபிஷ்மன் ஃப்ளூயன்ஸ் பிக்கப்புகள் இந்தக் குற்றச்சாட்டுக்கு இன்னும் நேரடியான பதில். செம்புக் கம்பியைச் சுற்றாமல் அச்சிட்ட சர்க்யூட் அடுக்குகளைச் சுருளாகப் பயன்படுத்தி, ஒரே பிக்கப்பில் இரண்டு குரல்களை அவை தருகின்றன. பேட்டரியை மட்டும் கூடுதலாகத் தின்னும்.

வலுவான மறுப்பு வரலாற்றிலிருந்து வருவது. பிளாக் சப்பாத் 1970இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டபோது டோனி ஐயோமியின் கிட்டாரில் இருந்தது ஒற்றைச் சுருள் பி-90 பிக்கப். பான்டெரா குழுவின் டைம்பேக் டேரல் பில் லாரன்ஸ் எல்500எக்ஸ்எல் என்ற பாசிவ் பிக்கப்பை வைத்துத்தான் அந்தக் கத்திவீச்சு ஒலியைக் கொண்டுவந்தார். அடித்தந்தியை அதலபாதாளத்துக்கு இறக்கி வாசிக்கும் ஸ்வீடனின் மெஷுகாவும் லுண்ட்கிரென் எம்8 என்ற பாசிவ் பிக்கப்பையே நம்பியது. ஆக்டிவ் இல்லாமல் மெட்டல் இல்லை என்று யாராவது சொன்னால் இந்த மூன்று பெயர்களே போதுமான பதில். ஆனால் இவை என் வாதத்தைக் குலைப்பதாகத் தோன்றவில்லை. மெட்டலின் குரல் கையிலும் ஆம்ப்பிலும் சுதி அமைப்பிலும் பிறப்பது என்றுதான் அவை காட்டுகின்றன. குரலைத் தேடி ஆக்டிவ் பிக்கப் வாங்குபவருக்கு ஏமாற்றம் காத்திருக்கலாம். எந்த மேடையிலும் எவ்வளவு நீளக் கேபிளிலும் நேற்றைய ஒலியே இன்றும் வர வேண்டும் என்று நினைப்பவருக்கு அது வீண்போகாது.

வாங்கத் தீர்மானித்தால் சில நடைமுறைகள் உண்டு. பேட்டரி வைக்கக் கிட்டாரின் உள்ளே இடம் இருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும். பாசிவ் ஹம்பக்கர்களுக்கு 500 கிலோ ஓம் குமிழ்கள் பொருத்துவார்கள், இஎம்ஜிக்கு 25 கிலோ ஓம். ஒன்றை ஆக்டிவாகவும் மற்றதைப் பாசிவாகவும் கலந்து வைத்தால் குமிழ்கள் ஒழுங்காக வேலை செய்யாது. ஒரு 81 பிக்கப்புக்கு பேட்டரி சுமார் 3,000 மணி நேரம் வரும் என்பது நிறுவனத்தின் கணக்கு. ஜாக்கில் கேபிள் செருகியிருக்கும்வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும் என்பதால், வாசித்து முடித்ததும் பிடுங்கிவிடுவது பழக்கமாக வேண்டும்.

பணத்தை எடுக்கும் முன் வீட்டிலேயே ஒன்றைச் சோதித்துவிடலாம். வழக்கமான டிஸ்டார்ஷனில் ஆம்ப்பை வைத்து, இரு கைகளாலும் தந்திகளை அமுக்கிக்கொண்டு மிஞ்சும் இரைச்சலைக் கேளுங்கள். பிறகு கிட்டாரின் வால்யூம் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கினால் அது பிக்கப் வழியே வந்தது. ஆக்டிவ் பிக்கப் உதவும். அடங்காமல் 'உஸ்'ஸென்று தொடர்ந்தால் அது பெரும்பாலும் ஆம்ப்போ பெடல்களோ தாமே எழுப்பும் ஒலி. எந்தப் பிக்கப்பை மாற்றினாலும் அது போகாது.