பிள்ளைகளோடு கடலுக்குப் போகும்போது ஒருவர் எப்போதும் கரையில் இருக்கட்டும்

சில வருடங்களுக்கு முன்னர் ஓகஸ்ட் விடுமுறையில், மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வானைப் பிடித்துக்கொண்டு கிளிநொச்சியிலிருந்து பாசிக்குடாவுக்குப் போனோம். பெரியவர்கள் ஏழு பேர், பிள்ளைகள் ஆறு பேர். விடியப்புறம் புறப்பட்டு முற்பகலில் போய்ச் சேர்ந்தோம். வான் நின்றதும் பிள்ளைகள் தண்ணீரை நோக்கி ஓடிவிட்டார்கள். எங்களோடு வந்த அக்கா ஒருவர் மட்டும் இறங்கவில்லை. “நீங்கள் போங்கோ, நான் சாமான்களைப் பார்த்துக்கொள்ளுறன்” என்றார்.

அவருடைய தம்பியை 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டுபோனது. 2009 இல் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையிலான மணல் திட்டில் அவர் இருந்த நாட்களைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை. ஏன் இறங்கவில்லை என்று நாங்களும் கேட்கவில்லை.

மத்தியானத்துக்குச் சற்று முன்னர் அவர் வானிலிருந்து அலறும் சத்தம் கேட்டது. எங்களில் மிகச் சிறிய பையன், காற்றடித்த டியூப் ஒன்றில் இருந்தபடி கரையிலிருந்து வெகுதூரம் போய்விட்டான். அவன் அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தான். படகுக்காரர் ஒருவர் போய் அவனைத் தூக்கி வந்தார். ஏழு பெரியவர்களில் அந்த நேரத்தில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கடலுக்குப் பயந்திருந்த அக்கா ஒருவர்தான். மற்ற ஆறு பேரும், வேறு யாரோ பார்க்கிறார்கள் என்றே நினைத்திருந்தோம்.

அமைதியான கடல் ஏன் இழுத்தது?

பாசிக்குடா ஆபத்தில்லாத கடல் என்று பெயரெடுத்த இடம். குடாவுக்குள் அலை குறைவு. நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாத இடங்கள் உண்டு. அப்படியிருக்க, டியூப் எப்படிப் போனது?

காரணம் காற்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து காற்று வீசும். யாழ்ப்பாணத்தில் இதைச் சோழகம் என்பார்கள், மட்டக்களப்பில் கச்சான் என்பார்கள். கிழக்குக் கரையில் இந்தக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அதனால்தான் அந்த மாதங்களில் பாசிக்குடாவும் நிலாவெளியும் குளம்போலக் கிடக்கின்றன. அலையைத் தணிக்கும் அதே காற்று டியூபையும் பந்தையும் ஆழ்கடலை நோக்கித் தள்ளுகிறது. வடக்குப் பார்த்த காரைநகர் கசூரினாக் கடற்கரையிலும் சோழக நாட்களில் இதுவே நடக்கும். ஆகவே டியூப் கொடுப்பதானால் கயிறு கட்டி, மறுமுனையைப் பெரியவர் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். பந்து அடித்துப் போனால் போகட்டும், அதைத் துரத்திப் பிள்ளைகள் போகக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை நிலைமை மாறும். வடகீழ்ப் பருவக்காற்றில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் கிழக்கில் பிள்ளைகளைக் கடலில் இறக்காமல் இருப்பதே நல்லது.

முல்லைத்தீவு போன்ற திறந்த கரைகளில் இன்னோர் ஆபத்து, இழுப்பு. கரையில் மோதிய தண்ணீர் திரும்பிப் போக ஒரு வாய்க்கால் போன்ற வழியைத் தேடும். அந்த இடத்தில் அலை உடையாது. இரு பக்கமும் நுரைக்க, நடுவில் மட்டும் தண்ணீர் அமைதியாகத் தெரியும். தெரியாதவர்கள் அதைப் பாதுகாப்பான இடம் என்று நினைத்து இறங்குகிறார்கள். இழுப்பில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் அடித்தால் களைத்துவிடுவார். மிதந்தபடி கையை உயர்த்த வேண்டும். நீந்தத் தெரிந்தால் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி வெளியே வர வேண்டும். புதிய கரைக்குப் போனால், இறங்குமுன் அங்குள்ள கடற்றொழிலாளர் ஒருவரிடம் “இஞ்ச குளிக்கலாமோ?” என்று கேளுங்கள்.

பல குடும்பங்கள் போனால்

ஆட்கள் கூடக் கூடக் கண்காணிப்புக் கூடும் என்பது தவறான நம்பிக்கை. சமைக்க ஒருவர், கதைக்க இருவர், படம் எடுக்க ஒருவர் என்று பிரிந்துவிட, பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவாகி, யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் போகிறார்கள். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்துவதில்லை. வாய் தண்ணீருக்குள் இருக்கும்போது குரல் வராது.

நாங்கள் இப்போது செய்வது எளியது. ஒரு விசில் வாங்கி வைத்திருக்கிறோம். அது யாருடைய கழுத்தில் தொங்குகிறதோ அவர் கைபேசியைத் தொடக்கூடாது, கதைக்கக்கூடாது, கடலை மட்டுமே பார்க்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை விசில் கைமாறும். மது அருந்தியவருக்கு விசில் இல்லை. அவர் கடலிலும் இறங்கக்கூடாது. பிள்ளைகளுக்கு நீலம், பச்சை உடுப்புகளைத் தவிர்த்துச் செம்மஞ்சள், சிவப்பு அணிவிக்கிறோம், தூரத்தில் தெரியும். மூடிய வெறும் பிளாஸ்டிக் கான் ஒன்றில் கயிறு கட்டி வைத்திருக்கிறோம். நீந்தத் தெரியாதவர் தண்ணீரில் பாயாமல் அதை எறியலாம்.

வெளியே எடுத்த பிள்ளை மூச்சு விடவில்லையென்றால் வயிற்றை அமுக்கியோ தலைகீழாகத் தூக்கியோ நேரத்தை வீணாக்கக்கூடாது. உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். மற்றொருவர் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

கரை யாருடையது?

பாசிக்குடாவில் போருக்குப் பின்னர் எழுந்த பெரிய விடுதிகளைப் பார்த்து, “இது எங்களுக்கான இடமில்லை” என்று திரும்பியவர்களை அறிவேன். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கரையோர வலயத்தின் நிர்வாகமும் கட்டுப்பாடும் அரசிடமே இருக்கின்றன. மணலில் கதிரை போட்டிருப்பதால் மணல் விடுதிக்குச் சொந்தமாகிவிடாது. அங்கே பொதுமக்கள் குளிக்கும் பகுதியும் உண்டு. விடுதியில் தங்க வசதியில்லாத குடும்பமும் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு போய் ஒரு பகலைக் கழிக்கலாம்.

வன்னிக் கரைகளுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். மணலில் கிடக்கும் இரும்புப் பொருள் எதையும் தொடாதே, வந்து சொல். வெடிபொருள் எச்சரிக்கைப் பலகை இருந்தால் அந்தப் பக்கம் போகாதே.

இறங்காதவர்களை விடுங்கள்

“எல்லாம் முடிந்ததுதானே, வாருங்கோ” என்று கையைப் பிடித்து இழுப்பது அன்பால்தான். ஆனால் அலைச் சத்தமும் உப்பு வாசமும் சிலருடைய உடம்பில் பழைய நாட்களை எழுப்பிவிடும். வருவதா, எவ்வளவு தூரம் வருவது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். பிள்ளை காரணம் கேட்டால் பொய் சொல்லத் தேவையில்லை. “அம்மாவுக்குப் பிடித்தவர்கள் கடலில் போய்விட்டார்கள், அதனால் அம்மாவுக்குக் கொஞ்சம் பயம்” என்ற அளவு போதும். அதோடு, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ நிலம் பலமாக அதிர்ந்தாலோ எதையும் எடுக்காமல் உட்புறமாக, உயரமான இடத்துக்கு ஓட வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். 2004 இல் பலருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அடுத்த வருடமும் அதே மூன்று குடும்பங்களாகப் போனோம். அக்கா வானை விட்டு இறங்கி, அலை வந்து தொடாத தூரத்தில் பாயை விரித்து இருந்தார். தண்ணீரில் கால் வைக்கவில்லை. விசிலை முதலில் கேட்டு வாங்கியவர் அவர்தான். அவருடைய இருபது நிமிடம் முடிந்ததும் நான் கை நீட்டினேன். “இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்” என்றார்.