ஒரே பெட்டியின் முன்னால்

1982 பெப்ரவரியில் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியபோது எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில்தான் தொலைக்காட்சி இருந்தது. அயலெல்லாம் அங்கே பாய் விரித்துக் கூடும். 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்ற பின்பும், மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்தோம். அழுகை படத்துக்கா, போனவர்களுக்கா என்று யாரும் கேட்கவில்லை.

இன்று வீட்டில் நால்வருக்கும் நான்கு கைத்தொலைபேசிகள். தொலைக்காட்சியின் முன்னால் நான் மட்டும்தான். சென்ற மாதம் நனைந்த தலையணையைக் கண்டுதான் மகளுக்கு ஏதோ துயரம் என்று அறிந்தேன்.

இப்போது ஞாயிறு இரவில் கைத்தொலைபேசிகளை அலுமாரியில் வைத்துவிட்டு ஒரு படம் சேர்ந்து பார்க்கிறோம். படம் முடிந்ததும் அவள் மெல்லக் கதைக்கத் தொடங்குகிறாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒருமுறை முயன்று பாருங்கள்.