இலை ஓரத்து ஊறுகாய்: வலைப்பூவில் காசு எப்படி வருகிறது?

கல்யாணப் பந்தியில் சாப்பிடுகிறவர் சாப்பாட்டுக்குக் காசு கொடுப்பதில்லை. வலைப்பூ வாசிக்கிறவரும் அப்படித்தான். வருகிறார், வாசிக்கிறார், கை கழுவிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். ராத்திரி கண்விழித்து எழுதியவருக்கு அவர் பையிலிருந்து ஒரு பைசா வராது. அப்படியிருக்க, பிளாக் எழுதிக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறேன் என்று சிலர் சொல்கிறார்களே, அந்தக் காசை யார் கொடுக்கிறார்கள்?

இலையின் ஓரத்தைப் பாருங்கள். சமையற்கட்டில் இருப்பவர் பதிவர். அவர் எழுதும் ஒவ்வொரு பக்கமும் ஓர் இலை. இலையின் இடது மேல் மூலையில், உப்புக்குப் பக்கத்தில், ஊறுகாய்க்கென்று கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது. அங்கே தன் ஊறுகாயை வைக்க ஊறுகாய்க்காரர் காசு தருகிறார். விளம்பரம் என்பது இவ்வளவுதான். ஆனால் எந்த இலையில் யாருடைய ஊறுகாய் என்பதைச் சமையல்காரர் முடிவு செய்வதில்லை. அதற்குப் பந்தி விசாரிப்பவர் ஒருவர் இருக்கிறார். பெரும்பாலான வலைப்பூக்களில் அவர் கூகுள். 2003-இல் தொடங்கிய ஆட்சென்ஸ் வழியாக இந்த வேலையைப் பார்க்கிறார். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் வலைப்பூ எழுத இடம் தரும் பிளாகரை நடத்திய பைரா லேப்ஸையும் அவர் வாங்கியிருந்தார். அடுப்பும் பாத்திரமும் இலவசம், பந்தியை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள் என்பது ஏற்பாடு.

அவருடைய வேகம்தான் நம்பச் சிரமமானது. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கிறீர்கள். எழுத்து முழுதாகத் திரைக்கு வருமுன்னே அவர் உங்கள் இலைமுன் நின்று குரல் கொடுத்துவிடுகிறார்: “மதுரைக்காரர், கையில் போன், பட்டா மாறுதல் பற்றி வாசிக்க உட்கார்ந்திருக்கிறார். நேற்று இரண்டு வங்கிகளின் வீட்டுக் கடன் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். யார் எவ்வளவு தருகிறீர்கள்?” வரிசையாக நிற்கும் ஊறுகாய்க்காரர்கள் விலை சொல்கிறார்கள். அதிகம் சொன்னவரின் ஊறுகாய் உங்கள் இலைக்கு வருகிறது. இந்த ஏலம் முழுக்க நீங்கள் கண்ணை ஒருமுறை மூடித் திறப்பதற்குள் நடந்து முடிகிறது. பக்கத்து இலையில் உட்கார்ந்தவருக்கும் அதே சாம்பார், அதே கூட்டுதான். ஆனால் ஊறுகாய் வேறு, ஏனென்றால் அவர் நேற்றுப் பார்த்தது செருப்புக் கடை. நேற்றைய சங்கதி பந்தி விசாரிப்பவருக்கு எப்படித் தெரிந்தது என்றால், போகிற இடமெல்லாம் நம் உலாவியில் குக்கி என்ற சிறு குறிப்பை விட்டுவைக்கிறார்கள். அதைப் படித்துத்தான்.

2021 வரை இந்த ஏலத்தில் வென்றவர் தான் சொன்ன விலையை முழுதாகத் தர வேண்டியதில்லை. அடுத்து நின்றவரைவிடச் சற்றுக் கூடுதலாகத் தந்தால் போதும். அதற்குப் பிறகு, சொன்ன விலையே விலை. இப்போதைய கணக்குப்படி ஊறுகாய்க்காரர் 100 ரூபாய் வைத்தால், விளம்பரம் வாங்கித் தரும் பக்கத்தில் கூகுள் சராசரியாக 15 ரூபாய் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 85-இல் 80 சதவீதம் பதிவருக்கு, அதாவது 68 ரூபாய். முன்பெல்லாம் விருந்தாளி ஊறுகாயைத் தொட்டு நக்கினால்தான், அதாவது விளம்பரத்தைச் சொடுக்கினால்தான், பெரும்பாலும் காசு. 2024 தொடக்கத்திலிருந்து இலையில் வைத்ததற்கே கணக்கு.

இதிலிருந்து பலருக்குப் பிடிக்காத ஓர் உண்மை தெரிகிறது. சமையலின் ருசிக்கு இங்கே கூலி இல்லை. இலைமுன் யார் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் எதை விற்கலாம் என்பதற்குத்தான் விலை. வீட்டுக் கடன், காப்பீடு, வெளிநாட்டுப் படிப்பு பற்றிய பக்கத்துக்கு ஊறுகாய்க்காரர்கள் அடித்துக்கொண்டு வருவார்கள். கவிதை வாசிக்க வந்தவரிடம் எதை விற்பது என்று அவர்களுக்குத் தெரியாது. நல்ல கவிதை எழுதுகிறவர் விளம்பர வருமானத்தைப் பார்த்துத் தன் எழுத்தை எடைபோட்டுவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

தமிழ் இலைக்கு இன்னொரு சிக்கல். 2004-இல், வலைப்பூக்களை ஓரிடத்தில் திரட்டிக் காட்டும் தமிழ்மணம் வந்த காலத்திலேயே தமிழ்ப் பதிவுலகில் பந்தி களைகட்டிவிட்டது. ஆனால் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டது 2018-இல். நடுவிலிருந்த ஆண்டுகளில், பெயருக்கு ஆங்கிலத்தில் ஒரு வலைப்பூ நடத்திக் கணக்கு வாங்கி, அதன் விளம்பர நிரலைத் தமிழ்ப் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தவர்கள் உண்டு. கணக்கு பறிபோனவர்களும் உண்டு. இன்று அனுமதி கிடைக்கிறது. விலைதான் ஏறவில்லை. தமிழ் இலைக்கு ஏலம் கேட்கும் ஊறுகாய்க்காரர்கள் குறைவு. அதே பக்கத்தை டொராண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் ஒரு தமிழர் திறந்தால் விலை சட்டென்று கூடும், ஏனென்றால் அந்த ஊர்க் கம்பெனிகள் அவருக்காகப் போட்டி போடுகின்றன.

எவ்வளவு தேறும்? கணக்குக்காக, ஆயிரம் முறை பக்கம் திறந்தால் ஒரு டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆட்சென்ஸ் 100 டாலர் சேர்ந்தால்தான் பணத்தை அனுப்பும். ஆக, ஒரு லட்சம் இலை போட்டால் முதல் காசைக் கண்ணால் பார்க்கலாம். நாளைக்கு முந்நூறு பேர் எட்டிப்பார்க்கும் வலைப்பூவுக்கு அது கிட்டத்தட்ட ஓர் ஆண்டு வேலை. நடுவில் 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்க ஒரு ரகசிய எண் தபாலில் வரும். அதைப் பத்திரப்படுத்துங்கள். 100 டாலர் சேராத மாதத்தின் தொகை அடுத்த மாதத்தோடு கூடும். சேர்ந்துவிட்டால் 21-லிருந்து 26-ஆம் தேதிக்குள் வங்கிக்குக் கிளம்பும்.

இந்தக் காத்திருப்பில்தான் சிலருக்குக் கை நீளும். தன் இலை ஊறுகாயைத் தானே தொட்டுக்கொள்வது, தம்பியையும் மச்சானையும் தொடச் சொல்வது. பந்தி விசாரிப்பவர் இதைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர். கணக்கை மூடுவார், சேர்ந்த தொகையையும் நிறுத்திவிடுவார். இன்னொரு வகை ஆசை, இலை முழுக்க ஊறுகாயாக வைப்பது. சோறு எங்கே என்று விருந்தாளி தேட வேண்டியிருந்தால் அடுத்த பந்திக்கு அவர் வரமாட்டார்.

விருந்தாளி வருவதே தனிக்கதை. பெரும்பாலோர் தேடுபொறி வழியாக வருகிறார்கள். எழுதிய அன்றே வரமாட்டார்கள். இட்லி மாவு மாதிரி, அரைத்து வைத்துவிட்டுப் புளிக்க விட வேண்டும். ஒரு பதிவு தேடலில் மேலே ஏற மாதக்கணக்கில் ஆகலாம், ஏறாமலே கிடக்கவும் செய்யலாம். வில்லங்கச் சான்று எடுப்பது எப்படி, பிறப்புச் சான்றிதழில் பெயரைத் திருத்துவது எப்படி என்பது போல ஆண்டு முழுதும் யாராவது தேடிக்கொண்டே இருக்கும் விஷயத்தை எழுதி வைத்தவருக்குப் பழைய மாவு கூட இட்லியாகிறது. அன்றைய அரசியல் பரபரப்பை எழுதுகிறவர் தினம் தினம் அரைக்க வேண்டும்.

தெருமுனையில் நின்று பந்திக்கு வழி காட்டுகிறவரும் அதே கூகுள்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். 2024 முதல் தேடலின் தலைமாட்டில் செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கத்தையும் அவர் காட்டத் தொடங்கியிருக்கிறார். வழி கேட்டு வந்தவருக்கு, பல சமையற்கட்டுகளிலிருந்து எடுத்த சாம்பாரில் ஒரு கரண்டியைத் தெருமுனையிலேயே ஊற்றிக் கொடுத்துவிடுகிறார். பசி தணிந்தவர் எதற்கு உள்ளே வந்து உட்காரப்போகிறார்? நாலு வரியில் பதில் முடிந்துவிடும் பதிவுகளுக்கு இது பெரிய அடி. கைப்பக்குவம் தெரியும் பதிவு, அதாவது சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் போய் வந்தவர் எழுதியது, இன்னும் இலை போட வைக்கிறது.

ஊறுகாய் தவிர வேறு வழிகளும் உண்டு. சாப்பிட்டவர் சமையற்கட்டை எட்டிப்பார்த்து, இந்த மிக்ஸி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால் கடையைக் காட்டி, கடைக்காரரிடம் கமிஷன் வாங்குவது ஒன்று. அமேசான் போன்றவை இதற்கென்று தனி இணைப்பு தருகின்றன. விகிதம் அவர்கள் கையில். 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அமேசான், மரச்சாமான்களுக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3-க்கும் மளிகைக்கு 5-லிருந்து 1-க்கும் ஒரே அடியாகக் குறைத்தது. அதை நம்பியே நடத்தியவர்கள் பாடு திண்டாட்டம். கமிஷன் வருகிறது என்பதை வாசகருக்குச் சொல்லிவிடவும் வேண்டும். விளம்பரத் தர நிர்ணயக் குழு 2021-இலும் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023-இலும் இதற்கு நெறிமுறை வகுத்திருக்கின்றன. சட்டம் ஒருபுறமிருக்க, கமிஷனுக்காக மோசமான மிக்ஸியைப் புகழ்ந்த சமையல்காரரின் சாம்பாரையும் ஊர் சந்தேகப்படும்.

எனக்கு நம்பிக்கையுள்ள வழி மூன்றாவது. பந்தியில் சாப்பிட்டவர், எங்கள் வீட்டு விசேஷத்துக்கும் நீங்களே சமைத்துத் தாருங்கள் என்று கேட்பது. வருமான வரி பற்றித் தெளிவாக எழுதும் கணக்காளரிடம் கணக்குப் பார்க்க ஆள் வருகிறது. மாடித்தோட்டம் பற்றி எழுதுகிறவரிடம் விதையும் பயிற்சி வகுப்பும் கேட்கிறார்கள். பழைய பதிவுகளைத் தொகுத்து மின்னூலாகப் போடவும் இடமிருக்கிறது. கிண்டில் 2016 இறுதியிலேயே தமிழை ஏற்றுக்கொண்டது. இதற்கு ஒரு லட்சம் இலை தேவையில்லை. தேடி வந்த முந்நூறு பேரில் இரண்டு பேர் ஆர்டர் கொடுத்தால் போதும். அந்தப் பணம் 100 டாலர் சேரும்வரை எங்கேயும் காத்துக்கிடப்பதில்லை, கேட்டவர் ஜிபேயில் அன்றே அனுப்பிவிடுகிறார். வரிக் கணக்கில் மட்டும் ஊறுகாய்க் காசையும் விசேஷக் காசையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும்.