தலை மடங்கிய குஞ்சும் பச்சரிசி நொய்யும்



வீட்டில் நாலு கோழி வளர்ப்பவர்களுக்கு உதவட்டும் என்று என் அனுபவத்தை எழுதுகிறேன். மாமல்லபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவே ஒரு கிராமம் எங்களுடையது. முட்டை விற்கும் காசில்தான் என் மகளுக்கு நோட்டு, பேனா எல்லாம்.

ஐப்பசியில் பதினொரு குஞ்சு பொரித்தது. ஒரே அடைமழை. வெளியே விட்டால் நனையும். காக்கை வேறு காத்திருக்கும். தாய்க்கோழியை மட்டும் அவ்வப்போது வெளியே விட்டு, குஞ்சுகளைச் சமையலறை மூலையில் கூடை போட்டுக் கவிழ்த்து வைத்தேன். இரண்டு வாரமும் பச்சரிசி நொய்தான் தீனி. சுத்தமாக இருக்கட்டுமென்று கழுவிக் கழுவிப் போட்டேன்.

பதினாலாம் நாள் ஒரு குஞ்சு பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, தலையை முதுகு வரை மடக்கி, கூரையையே பார்த்துக்கொண்டிருந்தது. தொட்டால் உருண்டு விழுந்தது. மறுநாள் இன்னும் இரண்டு அப்படியே ஆயின.

"வெள்ளக் கழிச்சல்தாண்டி. போன வருஷம் மொத்தமும் போச்சே, அதேதான்" என்றார் மாமியார். பக்கத்து வீட்டுப் பாட்டி, "வலிப்பும்மா, ஊசியைக் காய்ச்சி சூடு போடு" என்றார். புத்தி கெட்டு ஒன்றுக்குப் போட்டேன். சாயந்திரமே செத்துவிட்டது. அந்தப் பாவம் இன்னும் மனசை உறுத்துகிறது.

என் மகள்தான், "அம்மா, மத்த ரெண்டும் தீனி கேட்டு வாயத் தொறக்குதும்மா, டாக்டர்கிட்ட போலாம்" என்று அழுதாள். அட்டைப் பெட்டியில் வைத்து, பஸ் ஏறி அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போனோம்.

டாக்டரம்மா முதலில் கேட்டது, "என்ன தீனி போடறீங்க?" பிறகு எச்சத்தைப் பார்த்தார். மூச்சு இழுக்கிறதா, தாய்க்கோழி நன்றாக இருக்கிறதா என்று விசாரித்தார். "இது கழிச்சல் இல்லேம்மா. பி1 வைட்டமின் குறைவு. தவிட்டோட போற சத்து இது. தீட்டின பச்சரிசியில கொஞ்சம்தான் இருக்கும், கழுவினா அதுவும் போயிடும்" என்றார்.

அவர் சொன்ன கதை: 1890களில் ஜாவா தீவில் ஐக்மன் என்ற டச்சு டாக்டரின் கோழிகளுக்கு இதேபோல் கால் விழுந்ததாம். ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோறுதான் தீனி. புதிதாக வந்த சமையல்காரர் அந்தச் சோற்றைத் தர மறுத்ததும், தீட்டாத அரிசி போட்டார்கள். கோழிகள் எழுந்து நடந்தன! மனிதருக்கு வரும் பெரிபெரி நோயின் காரணம் புரிய அதுவே வழிகாட்டியது. 1929ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பி-காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்தைக் குஞ்சின் எடைக்கேற்ற அளவில் டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். இரண்டையும் தனிப் பெட்டியில் பல்பு வெளிச்சத்தின் கதகதப்பில் வைத்தேன். தலை நிற்காத குஞ்சு தண்ணீர்க் கிண்ணத்தில் கவிழ்ந்துவிடும். அதனால் அலகோரம் துளித்துளியாகத் தண்ணீர் தொட்டு வைத்தேன். குழைத்த தவிடும், பொடியாக அரிந்த முருங்கைக்கீரையும் ஊட்டினேன். மறுநாளே ஒன்று தலை நிமிர்ந்தது. மற்றது எழ நாலு நாள் ஆயிற்று. கூடையில் இருந்த எட்டுக்கும் தீனியை மாற்றினேன். ஒன்றுக்கும் எதுவும் வரவில்லை.

"கருவாட்டுத் தூளும் போடலாமே" என்றார் மாமியார். கடலோரத்துச் சகோதரிகளே, ஜாக்கிரதை! உப்பு மிஞ்சினால் குஞ்சுக்குத் தீராத தாகம், கழிச்சல், தள்ளாட்டம் எல்லாம் வரும்.

தலை திருகினால் எல்லாம் ஒரே நோயல்ல என்று தெரிந்துகொண்டேன். கால் விரல் உள்பக்கம் சுருண்டு, கணுக்காலால் நடந்தால் பி2 குறைவாக இருக்கலாம். காறல் எடுத்த பழைய தீனியால் வைட்டமின் ஈ குறைந்தாலும் குஞ்சு விழுந்து உருளும். ஆனால் பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்து, வாய் திறந்து மூச்சு வாங்கி, பல கோழிகள் அடுத்தடுத்து விழுந்தால் அது ராணிகெட் எனும் வெள்ளைக்கழிச்சல். பிழைத்ததற்கும் கழுத்து திருகி நிற்கும். அதற்கு மருந்து கிடையாது, தடுப்பு மருந்துதான் காப்பு. ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. அப்புறம் டாக்டர் சொல்கிறபடி எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி. போன வருஷம் அதைப் போடாமல்தான் மொத்தமும் இழந்தேன். கூட்டமாகச் செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். உடனே மருந்தகத்துக்குச் சொல்லிவிட்டு, ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

நம் மாவட்டத்துக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கோழி வளர்ப்புப் பயிற்சியும் தருகிறார்கள்.

பத்துக் குஞ்சும் இப்போது முற்றத்தில் கிளறித் திரிகின்றன. சூடு போட எடுத்த ஊசியை நான் தூக்கி எறிந்துவிட்டேன். நீங்களும் அவசரப்பட்டு எதையும் செய்யாமல், முதலில் என்ன தீனி போட்டோம் என்று யோசியுங்கள் தோழிகளே!

— ஒரு வாசகி, திருக்கழுக்குன்றம் வட்டம்.